48 நிமிட வீடியோவை யார் பார்ப்பார்கள்?

கேள்வி: வணக்கம் சார். விழுப்புரம் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். தமிழ்வழி, 38 பிள்ளைகள். வகுப்பு நேரம் போதவில்லை என்று மின்னோட்டவியல் பாடத்தை வீடியோவாக எடுத்து யூடியூபில் ஏற்றி, வாட்ஸ்அப் குழுவில் இணைப்பு அனுப்பினேன். 62 ஸ்லைடு, 48 நிமிடம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. சராசரியாகப் பார்த்த நேரம் 5 நிமிடம் என்று யூடியூப் காட்டுகிறது. வகுப்பில் கேட்டால் 'பார்த்தோம் மிஸ், புரிஞ்சுது மிஸ்' என்கிறார்கள். பக்க இணைப்புக் கணக்கு ஒன்று கொடுத்தால் பாதிப் பேருக்கு வரவில்லை. அனிமேஷன் இருந்தால்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று நிர்வாகத்தில் சொல்கிறார்கள். ஒரு அனிமேஷன் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா 18,000 ரூபாய். பாதியை நான் போட வேண்டி வரும். வாங்கலாமா? ஒரு வீடியோ எத்தனை நிமிடம் இருக்க வேண்டும்? கடைசியாக ஒரு சின்ன சந்தேகம்: 31-ஆவது நிமிடத்தில் கணக்கில் ஒரு தப்பு செய்து, அடித்துத் திருத்தியிருக்கிறேன். அதை மட்டும் எப்படி வெட்டி எடுப்பது?

பதில்:

டீச்சர், மென்பொருளை வாங்காதீர்கள். நீங்கள் பணம் கட்டுவதற்குள் இது உங்கள் கண்ணில் பட வேண்டுமே என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் அனுப்பிய வீடியோவை 48 நிமிடமும் பார்த்தேன். இதுதான் எனக்குத் தொழில். விசிட்டிங் கார்டில் 'இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர்' என்று போட்டிருக்கும். ஊரில் என் அத்தை 'கம்ப்யூட்டருக்குப் பாடம் எழுதிக் கொடுக்கிறான்' என்று சொல்லுவார். இரண்டில் அத்தை சொல்வதுதான் எளிதாகப் புரியும். உங்கள் வீடியோவில் முதல் 14 நொடி பள்ளிச் சின்னம் வீணை இசையோடு சுழன்று வந்து நிற்கிறது. அப்புறம் வரவேற்பு. அப்புறம் கற்றல் நோக்கங்கள் ஆறு, ஒவ்வொன்றும் பறந்து வந்து உட்காருகிறது. ஓம் விதி என்ற சொல்லே மூன்றாவது நிமிடத்தில்தான் வருகிறது. அதற்குப் பிறகு பாடப்புத்தகத்தின் பத்திகள் ஸ்லைடு ஸ்லைடாக வருகின்றன; நீங்கள் அவற்றை வரி விடாமல் வாசிக்கிறீர்கள்.

வகுப்பில் நீங்கள் இப்படி வாசிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். எப்படி என்றால், 29-ஆவது நிமிடத்தில் ஸ்லைடு தீர்ந்து, வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்ததும் உங்கள் குரலே மாறிவிடுகிறது. அதுவரை செய்தி வாசித்தவர் அங்கே டீச்சர் ஆகிவிடுகிறார்.

வகுப்பறையில் பாதி வேலையைச் செய்வது உங்கள் கண். பின் பெஞ்சில் ஒருவன் ஜன்னல் பக்கம் திரும்பினால் குரல் தானாக ஏறும். 'புரிஞ்சுதா?' என்று கேட்டு, 'புரிஞ்சுது மிஸ்' என்று கோரஸாக வந்தாலும், நாலு முகத்தைப் பார்த்துவிட்டு 'சரி, இன்னொரு தடவை சொல்றேன்' என்பீர்கள். வீடியோவுக்குக் கண் கிடையாது. யாரும் பார்க்காவிட்டாலும் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகும். அதனால் எந்த இடத்தில் எந்தப் பிள்ளை இடறும் என்பதை முன்கூட்டியே யோசித்து, அந்த இடத்தில் அவனை நிறுத்தி ஏதாவது செய்ய வைக்க வேண்டும். எங்கள் வேலையில் பெரும்பகுதி இதுதான். வீடியோ, அனிமேஷன், நிறம், இசை எல்லாம் இதற்கு அப்புறம்.

பிள்ளைகள் எங்கே இடறுவார்கள் என்று கண்டுபிடிக்க எங்களைப் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. தப்பாகப் போட்ட கணக்கு நோட்டுகள் உங்கள் மேசையிலேயே இருக்கின்றன. ஓம் விதியை விளக்கும் வீடியோ வேண்டுமென்றால் 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் இருக்கிறது, பாடப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தாலும் கிடைக்கும். உங்கள் 38 பேரின் தப்புகள் வேறு எங்கும் கிடைக்காது. அந்த நோட்டுகளிலிருந்து தொடங்குங்கள்.

எப்படி என்று ஒரே ஒரு கணக்கை வைத்துக் காட்டுகிறேன். 6 ஓம், 3 ஓம் என இரண்டு மின்தடையாக்கிகள் பக்க இணைப்பில், அதாவது மின்னோட்டம் இரண்டு வழியாகப் பிரிந்து போகும்படி, உள்ளன. தொகுபயன் மின்தடை, அதாவது இரண்டும் சேர்ந்து தரும் தடை (R), என்ன? 1/R = 1/6 + 1/3 = 1/2; தலைகீழாக்கினால் விடை 2 ஓம். இதற்கு நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம் என்று வையுங்கள். வழக்கமாக நாம் என்ன செய்வோம்? 2 என்று சரியான விடையைப் போட்டுவிட்டு, மீதி மூன்றுக்கு 7, 12, 20 என்று கைக்கு வந்த எண்ணைப் போடுவோம். அப்படிப் போட்டால் அந்தக் கேள்வி வீண். 12 என்று ஒருவன் எழுதினால் அவன் மனதில் என்ன ஓடியது என்று நமக்கு எதுவும் தெரியாது.

அதற்குப் பதிலாக 9, 4.5, 1/2, 2 என்று போடுங்கள். 9 என்பவன், ஒன்றன்பின் ஒன்றாக மாட்டும் தொடர் இணைப்பு மாதிரி நேராகக் கூட்டிவிட்டான். 1/2 என்பவன் முறையெல்லாம் சரியாகச் செய்து, 1/6 + 1/3 = 1/2 வரை வந்து, தலைகீழாக்க மறந்துவிட்டான்; அவனுக்குப் பாடம் தெரியும், கடைசிப் படிதான் தெரியாது. இந்த இரண்டு பேருக்கும் ஒரே விளக்கத்தைத் திரும்பச் சொன்னால் ஒருவனுக்குப் போதாது, இன்னொருவனுக்குச் சலிப்பு.

4.5-தான் எனக்குப் பிடித்த விடை. அதற்கு இரண்டு வழியில் வரலாம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதாவது சராசரி எடுத்து வரலாம். அல்லது 1/6-ஐயும் 1/3-ஐயும் கூட்டும்போது மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/9 என்று எழுதி, மறக்காமல் தலைகீழாக்கி 9/2 என்று வரலாம். எந்த இரண்டு எண்ணை எடுத்தாலும் இந்த இரண்டு தப்பும் ஒரே விடையைத்தான் கொடுக்கும். எண்ணை மாற்றித் தப்பிக்க முடியாது. முதல் பிள்ளைக்குப் பக்க இணைப்பு என்றால் என்னவென்றே புரியவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு மின்சாரம் நன்றாகப் புரிந்திருக்கிறது, பின்னம் கூட்டத் தெரியவில்லை. அவனுடைய சிக்கல் நாலு வருஷத்துக்கு முந்தைய கணக்குப் பாடத்தில் இருக்கிறது. அவனுக்கு நீங்கள் ஓம் விதியைப் பத்து முறை அனிமேஷனில் காட்டினாலும் அடுத்த முறையும் 4.5 என்றுதான் எழுதுவான். காய்ச்சல் ஒன்றாகத் தெரியும், நோய் வேறு வேறு. அதனால் 4.5 போட்டவரிடம் மட்டும் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: 'கூட்டி இரண்டால் வகுத்தாயா, 1/6 + 1/3-ஐக் கூட்டினாயா?'

இதைச் செய்ய கூகுள் ஃபார்ம் போதும், செலவில்லை. கேள்விக்குக் கீழே ஓரத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால், விடையைப் பொறுத்து எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று அமைக்கும் வசதி வரும். 9 போட்டவர் ஒரு பகுதிக்குப் போவார். அங்கே ஒரு சின்னப் படம், இரண்டு வரி. 1/2 போட்டவருக்கு ஒரே வரி போதும்: '1/R கண்டுபிடித்துவிட்டாய். கேட்டது R.' 2 என்று சரியாகப் போட்டவரையும் சும்மா அனுப்பிவிடாதீர்கள். '2 என்பது 3-ஐவிடவும் சிறியதாக இருக்கிறதே, இன்னொரு மின்தடையைச் சேர்த்தால் தடை எப்படிக் குறையும்?' என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்து விடை போட்டவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். ரேஷன் கடையில் ஒரே தராசு இருந்த இடத்தில், வேலை மெதுவாக நடக்கிற இன்னொரு தராசைத் திறந்தால்கூட வரிசை வேகமாகத்தான் நகரும். இதை அவர்களே எழுதினால் இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கேள்வியை வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பாகப் போடாதீர்கள். யார் எதற்கு வாக்களித்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பெண் எதைத் தொட்டாளோ அதையே மீதிப் பேரும் தொட்டுவிட்டு, சாப்பிடப் போய்விடுவார்கள். உங்களுக்கும் எல்லோரும் சரியாகப் போட்ட மாதிரி தெரியும்.

சரி, எத்தனை நிமிடம் என்று கேட்டிருந்தீர்கள். 2014-இல் பிலிப் குவோ, ஜுஹோ கிம், ராப் ரூபின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தின் நான்கு படிப்புகளில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் தடவைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. இதை வைத்துத்தான் '6 நிமிட விதி' என்று ஒன்றை எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நீங்களும் உடனே அந்த 48 நிமிடத்தை எட்டுத் துண்டாக நறுக்கிவிடாதீர்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள்: நீளமான வகுப்பை எடுத்து, பிறகு துண்டு போட்டவை அவ்வளவாக எடுபடவில்லை, முதலிலிருந்தே சின்னதாகத் திட்டமிட்டு எடுத்தவைதான் எடுபட்டன. இட்லி மாவை ஊற்றும்போதே குழியில் ஊற்ற வேண்டும், பெரிய தட்டில் வேகவைத்துவிட்டு வட்டம் வட்டமாக வெட்டினால் இட்லி ஆகாது. நீங்கள் ஸ்டாப்வாட்ச் பார்க்க வேண்டாம். ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ என்று வையுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் நிறுத்துங்கள். மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ, அது எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு.

உங்களுக்கு இன்னொரு நல்ல செய்தியும் அந்த ஆய்வில் உண்டு. ஸ்லைடு ஓட்டிக்கொண்டே பேசுகிற வீடியோவைவிட, கையால் எழுதிக்கொண்டே பேசுகிற வீடியோ பிள்ளைகளை அதிகம் பிடித்து வைத்தது. உங்கள் வீடியோவில் 29-ஆவது நிமிடத்துக்குப் பிறகு நான் ஏன் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்று இப்போது தெரிகிறதா?

ஸ்லைடில் உள்ளதை வாசிப்பது பற்றி. இதில் தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. நாம் எல்லோரும் பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசித்து வளர்ந்தவர்கள். ஆனால் திரையில் நடப்பது வேறு. பிள்ளையின் கண் எழுத்தை வாசிக்கிறது, காது உங்கள் குரலைக் கேட்கிறது. வாசிக்கும் வேகமும் பேசும் வேகமும் ஒத்துப்போவதில்லை. நீங்கள் இரண்டாவது வரியில் இருக்கும்போது அவன் நாலாவது வரியில் இருப்பான். இரண்டும் சேர்ந்து இடிக்கும், நடுவில் இருக்கிற படத்தைப் பார்க்க ஆள் இருக்காது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் மேயர் பல வருடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். படமும் குரலும் மட்டும் இருந்த பாடத்தில் படித்தவர்கள், அதே படமும் குரலும் அதோடு அதே வாசகமும் சேர்ந்த பாடத்தில் படித்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். கூடுதலாகக் கொடுத்தது கெடுத்தது.

விதிவிலக்கு உண்டு. புதிய கலைச்சொல் வரும் இடத்தில் அந்தச் சொல்லை மட்டும் பெரிதாகத் திரையில் போடுங்கள்: மின்னழுத்த வேறுபாடு, மின்தடை, பக்க இணைப்பு. உங்கள் பிள்ளைகளில் சிலர் மேல்படிப்பில் இதையே ஆங்கிலத்தில் படிப்பார்கள் என்பதால் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதி வையுங்கள். அவ்வளவு போதும். பத்தியெல்லாம் புத்தகத்திலேயே இருக்கட்டும். 'பக்கத்தைத் திறந்து வாசி' என்று சொன்னால் வாசிக்கப்போகிறான்.

இப்போது போன் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் பாடம் நிஜமாக நடக்கும் வகுப்பறை அதுதான். உங்கள் வீடியோவை நொடிக்கு ஒன்றரை மெகாபிட் வேகத்தில் முழுதாகப் பார்க்க 540 எம்பி ஆகும். பல வீடுகளில் அப்பாவின் போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அவர் வேலைக்குப் போன இடத்தில் பாதியைத் தீர்த்துவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவார். தங்கை கார்ட்டூன் கேட்பாள். அந்தப் பிள்ளை உங்கள் வீடியோவை 144 அல்லது 240-க்குக் குறைத்துத்தான் பார்ப்பான். அந்தத் தரத்தில் உங்கள் ஸ்லைடு எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா? நான் பார்த்தேன். மெல்லிய எழுத்துருவில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'மின்தடை' என்பது 'மினதடை' ஆகிவிட்டது. 'ண'வுக்கும் 'ன'வுக்கும் சுழி கலங்கிவிட்டது. ஆங்கிலத்துக்கு ஏற்ற எழுத்தளவு தமிழுக்குப் போதாது. தடிமனான எழுத்துருவாக எடுங்கள், அளவு 32-க்குக் கீழே இறங்காதீர்கள், வரிக்கு வரி நல்ல இடைவெளி விடுங்கள். முடித்ததும் உங்கள் போனில் 240 தரத்தில் ஓடவிட்டு, கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். வாசிக்க முடியவில்லை என்றால் சொல்லைக் குறையுங்கள்.

வீடியோவோடு அனுப்பிய பிடிஎஃப் குறிப்பும் பழைய எழுத்துருவில் இருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் 'மின்தடை' என்று தேடினால் வராது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை போனைத் தமிழில் வாசிக்கவிட்டால் ஏதோ மந்திரம் ஓதுவது மாதிரிக் கேட்கும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பக்கத்தையும் ஏ4 அளவில் வைக்காமல் போன் அகலத்துக்குக் குறுக்கிவிடுங்கள், பிள்ளைகள் இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்காது. அதோடு, சர்க்யூட் படத்தில் 'சிவப்பு வயர், பச்சை வயர்' என்று மட்டும் சொல்லாமல் அ, ஆ என்று பெயர் எழுதிக் காட்டுங்கள். எல்லோர் கண்ணுக்கும் அந்த இரண்டு நிறமும் வேறுபட்டுத் தெரியாது.

படம் கொஞ்சம் மங்கினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் மங்கினால் மூடிவிடுவார்கள். உங்கள் பதிவில் மின்விசிறி ஓடுகிறது, 17-ஆவது நிமிடத்தில் குக்கர் மூன்று விசில் அடிக்கிறது. (பருப்பு நன்றாக வெந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.) மைக் உள்ள சாதாரண இயர்போன் போதும். விசிறியை நிறுத்திவிட்டு, மெத்தையும் துணிமணியும் உள்ள படுக்கையறையில் உட்கார்ந்து பேசுங்கள்; எதிரொலி அடங்கிவிடும். எடுப்பதற்கு ஸ்டாண்டு வேண்டாம். ஸ்டூலின் விளிம்பில் போனை வைத்து, கேமரா மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி தள்ளி, மேலே கனமான புத்தகம் ஒன்றைப் பாரமாக வையுங்கள். கீழே தரையில் தாள். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும், வலது கையால் எழுதும்போது நிழல் எழுத்தின் மேல் விழாது. ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள். நல்ல இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கேஸ் புக்கிங் மெசேஜ் வரும்.

அனிமேஷனுக்கு வருகிறேன். இதில் எனக்கு அனுபவம் உண்டு, கசப்பான அனுபவம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்துக்காக நாலாம் வகுப்பு நீர்ச் சுழற்சிப் பாடத்தை அனிமேஷனாகச் செய்தோம். குடை பிடித்த ஒரு யானை, மேகத்தோடு பேசிக்கொண்டே போகும். யானைக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. காது ஆட வேண்டும், தும்பிக்கையில் தண்ணீர் சொட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். ஒரு பள்ளியில் கொண்டுபோய்க் காட்டினோம். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள், எனக்குக் கால் தரையில் படவில்லை. இரண்டு நாள் கழித்து அதே வகுப்பில் போய் 'மழை எப்படி வருது?' என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து, 'யானையோட குடை சிவப்பு சார்' என்றான். இன்னொருத்தி, 'இல்ல, குடையில மஞ்சள் பூ இருந்துச்சு' என்று திருத்தினாள். ஆவியாதலும் இல்லை, குளிர்தலும் இல்லை. நான் மூன்று வாரம் செலவழித்துக் கற்பித்தது ஒரு குடையை.

பாடத்தோடு ஒட்டாத சுவாரசியம் பாடத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் வீணையும் சுழலும் சின்னமும் சிறிய அளவில் அதே யானைதான். அசைவே பாடமாக இருக்கிற இடத்தில் அனிமேஷன் தேவை: இதய வால்வு திறந்து மூடுவது, செல் பிரிவது. சர்க்யூட்டில் எலக்ட்ரான் ஓடுவதைப் பார்ப்பதைவிட, பிள்ளையே வயரைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது நல்லது. அதற்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் ஃபெட் (PhET) தளம் இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. பேட்டரி, பல்பு, வயர் எல்லாம் விரலால் இழுத்துப் போட்டு சர்க்யூட் கட்டலாம். இலவசம். ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். உங்கள் பள்ளிக் கணினியில் இறக்கி வையுங்கள். 'தொடர் இணைப்பில் ஒரு பல்பைக் கழற்றினால் என்ன ஆகும்? பக்க இணைப்பில்?' என்று ஊகத்தை முதலில் எழுத வைத்துவிட்டு அப்புறம் செய்யவிடுங்கள். வெறுமனே 'விளையாடிப் பாருங்கள்' என்று விட்டால் பேட்டரியைத் தீப்பிடிக்க வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கும் அதில் வழி இருக்கிறது. திருவிழாவில் கட்டும் பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசை முழுக்க அணைந்துபோவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

'பார்த்தோம் மிஸ், புரிஞ்சுது மிஸ்' என்பதில் பொய் இல்லை. பார்த்து முடித்த அந்த நிமிடத்தில் புரிந்த மாதிரிதான் இருக்கும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து முதல் குழு 40-க்கு இறங்கிவிட்டது, இரண்டாவது குழு 61-இல் நின்றது. அதனால் வீடியோ அனுப்பிய மூன்றாம் நாள் ஒரு கேள்வி, பத்தாம் நாள் ஒரு கேள்வி என்று அனுப்புங்கள். மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் அண்ணன்மார் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தக் கேள்விகளில் முதலாவதை முழுதாகக் கேட்காமல், பாதி செய்து கொடுங்கள். வீடியோவில் 6-ம் 3-ம் முழுதாகப் போட்டுக் காட்டினீர்கள். மூன்றாம் நாள் 4 ஓமும் 12 ஓமும் கொடுத்து, 1/4 + 1/12 = 1/3 வரை நீங்களே எழுதிவிட்டுக் கடைசி வரியை மட்டும் காலியாக விடுங்கள். பத்தாம் நாள் 10 ஓமும் 10 ஓமும், ஒரு வரியும் எழுதாமல். கணிதம் புதிதாகக் கற்பவர்களுக்கு முதலில் நிறையக் கணக்கைக் கொடுத்துத் திணறவிடுவதைவிட, போட்டுக் காட்டிய கணக்குகளைப் படிக்கவிடுவது பலன் தரும் என்று ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லர் என்ற கல்வி உளவியலாளர் 1980-களிலேயே காட்டினார். பிறகு துணையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட வேண்டும். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த யாருக்கும் இது தெரியும், பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி, சொல்லாமல் கையை விடுவோமே, அது.

முழுப் பாடத்தையும் மறுபடி எடுக்காதீர்கள், இன்னும் மூன்று ஞாயிறு போய்விடும். பாதிப் பேர் விழுந்தது பக்க இணைப்பில். இந்த வாரம் அதை மட்டும் செய்யுங்கள். நிர்வாகத்திடம் மென்பொருள் வேண்டாம் என்று சொல்லத் தயக்கமாக இருந்தால், அந்த ஃபார்மில் வந்த விடைகளைக் காட்டுங்கள். 9 எத்தனை பேர், 4.5 எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

அப்புறம் அந்த 31-ஆவது நிமிடம். 6-ம் 3-ம் கணக்கில் 1/R = 1/2 என்று எழுதி, அப்படியே R = 1/2 என்று எழுதிவிட்டு, ஒரு நொடி பேனாவை நிறுத்துகிறீர்கள். 'அய்யோ, தலைகீழாப் போடணும்ல!' என்று சிரித்து, அடித்துவிட்டு 2 என்று எழுதுகிறீர்கள். டீச்சர், அதை வெட்டாதீர்கள். உங்கள் பிள்ளைகள் செய்வது அதே தப்பு, அதே இடம். புதிதாக எடுக்கும் மூன்று நிமிட வீடியோவிலும் அதை அப்படியே செய்யுங்கள். R = 1/2 என்று எழுதியதும் பேனாவை நிறுத்தி, 'இதில் ஒரு தப்பு இருக்கிறது, வீடியோவை நிறுத்திவிட்டுக் கண்டுபிடி' என்று சொல்லிவிட்டு, ஐந்து நொடி சும்மா இருங்கள்.